அமெரிக்கர்களின் கடவுள் நம்பிக்கையும் நாத்திகமும்: கருத்துக்கணிப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமெரிக்காவில் மூன்றில் ஒருவர் நாத்திகர்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வரும். அடுத்த வாரமே "பத்தில் எட்டு அமெரிக்கர்கள் கடவுளை நம்புகிறார்கள்" என்று இன்னொன்று வரும். மேடையில் பேசுகிறவர்கள் தங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் உண்மையான கணிப்பு இருக்கிறது என்பதுதான் குழப்பம். எந்த எண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, அந்தக் கணிப்பில் கேட்கப்பட்ட கேள்வி வார்த்தைக்கு வார்த்தை என்ன என்பதைத்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தப் பழக்கத்திலிருந்து வந்தவை.

அமெரிக்காவில் எத்தனை சதவீதம் பேர் நாத்திகர்கள்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் சொன்னால் தப்பாகிவிடும். பியூ ஆய்வு மையம் 2023-24இல் நடத்திய பெரிய ஆய்வில் தங்களை 'நாத்திகர்' என்று சொல்லிக்கொண்டவர்கள் 5 சதவீதம். அதே மையம் 2017 டிசம்பரில் கொஞ்சம் துருவிக் கேட்டபோது, கடவுளும் இல்லை, கடவுள் போன்ற எந்தச் சக்தியும் இல்லை என்றவர்கள் 10 சதவீதம். 2022இல் கேலப் நிறுவனம் "கடவுளை நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேட்டது. இல்லை என்றவர்கள் 17 சதவீதம். நேராகக் கேட்காமல் சுற்றிவளைத்துக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 26 சதவீதம் என்றது.

நான்கும் ஒரே நாட்டைப் பற்றியவைதான். 'நாத்திகர்' என்ற பெயரை ஏற்பது ஒன்று, கடவுளை நம்பாமல் இருப்பது வேறொன்று, நம்பவில்லை என்பதை முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்வது மூன்றாவது. ஒவ்வொரு கணிப்பும் இவற்றில் ஒன்றைத்தான் அளக்கிறது.

29 சதவீதம் பேர் 'மதம் இல்லை' என்கிறார்களே. அவர்கள் நாத்திகர்கள்தானே?

இல்லை. இதுதான் அதிகம் நடக்கும் பிழை. செய்தித் தலைப்புகள்கூட இதில் தடுக்கி விழுகின்றன.

பியூ மையத்தின் பெரிய சமய ஆய்வு மூன்று முறை நடந்திருக்கிறது. 2007இல் கிறிஸ்தவர்கள் 78 சதவீதம், மதம் சாராதவர்கள் 16. 2014இல் 71, 23. 2023-24இல், 36,908 பேரைக் கேட்டபோது, 62, 29. இந்த 29ஐப் பிரித்துப் பாருங்கள். நாத்திகர் 5. கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்கிற அறியொணாவாதிகள் 6. மிச்சம் 19 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்த பதில், 'குறிப்பாக எதுவும் இல்லை'. (முழு எண்ணாக்கியதில் கூட்டுத்தொகை ஒன்று கூடி நிற்கிறது.)

அந்த 19 சதவீதத்தில் எல்லா விதமானவர்களும் இருக்கிறார்கள். படுக்கப்போகும் முன் ஜெபம் செய்கிறவர் இருப்பார். சின்ன வயதில் போன சர்ச்சோடு மனஸ்தாபப்பட்டு விலகினாலும் இயேசுவை விடாதவர் இருப்பார். மதத்தைப் பற்றி நினைத்தே பார்க்காதவரும் இருப்பார். இவர்களை மொத்தமாக நாத்திகர் கணக்கில் எழுதுவது அவர்களுக்கும் நியாயமில்லை, நாத்திகர்களுக்கும் நியாயமில்லை. அதே ஆய்வில், கடவுளையோ பிரபஞ்சம் தழுவிய ஓர் ஆன்ம சக்தியையோ நம்புகிறோம் என்றவர்கள் 83 சதவீதம். மனிதருக்கு உடலைத் தவிர ஆன்மா என்று ஒன்று உண்டு என்றவர்கள் 86 சதவீதம்.

முன்பெல்லாம் எப்படி இருந்தது?

1944இல் கேலப் முதன்முதலாக இந்தக் கேள்வியைக் கேட்டபோது, கடவுளை நம்புகிறோம் என்றவர்கள் 96 சதவீதம். 1950களிலும் 60களிலும் அது 98ஐத் தொட்டது. 2011இல்கூட 92. அப்புறம்தான் சரிவு வேகமெடுத்தது. 2017இல் 87, 2022இல் 81.

சர்ச் உறுப்பினர் கணக்கில் சரிவு இதைவிடக் கூர்மை. 1937இல் 73 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வழிபாட்டுத் தலத்தில் உறுப்பினர். 1999இல்கூட 70. 2020இல் 47. கேலப் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் தடவை. அறுபது வருடங்களுக்கு மேல் அசையாமல் நின்ற ஒன்று இருபதே வருடத்தில் இப்படி இறங்கியிருக்கிறது. நம்பிக்கை மெதுவாகக் கரைகிறது, நிறுவனத்தோடான பிணைப்பு மளமளவென்று அறுகிறது.

கேலப்பே 2022இல் 81 என்றது, 2023இல் 74 என்றது. ஒரே வருடத்தில் 7 சதவீதம் பேர் நம்பிக்கை இழந்தார்களா?

இல்லை, கேள்வி மாறியது. 2022இல் 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2023இல் கடவுள், தேவதூதர், சொர்க்கம், நரகம், சாத்தான் ஆகிய ஐந்தையும் வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் 'நம்புகிறேன்', 'உறுதியாகத் தெரியவில்லை', 'நம்பவில்லை' என்று மூன்று வழி கொடுத்தார்கள். நடுவில் நிற்க இடம் கிடைத்ததும் 14 சதவீதம் பேர் அங்கே போய் நின்றார்கள்.

நாம் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம். இரண்டே கதவு இருந்தால் ஒன்றில் நுழைந்துதான் ஆக வேண்டும்.

சரி, 'கடவுளை நம்புகிறேன்' என்றால் எந்தக் கடவுள்?

என் கணக்கில் எல்லாக் கணிப்புகளிலும் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான். 2017 டிசம்பர் ஆய்வை பியூ 2018இல் வெளியிட்டது. முதல் கேள்வி வழக்கமானது. 80 சதவீதம் பேர் நம்புகிறோம் என்றார்கள். பிறகு அவர்களிடமே இன்னொன்று கேட்டார்கள்: நீங்கள் நம்புவது பைபிளில் வரும் கடவுளையா, வேறொரு மேலான சக்தியையா? மொத்த அமெரிக்கர்களில் 56 சதவீதம் பேர்தான் பைபிள் கடவுள் என்றார்கள். 23 சதவீதம் பேர் வேறொரு சக்தி என்றார்கள்.

'நம்பவில்லை' என்ற 19 சதவீதத்தினரையும் விடவில்லை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், அதாவது மொத்தத்தில் 9 சதவீதம், "கடவுளை நம்பவில்லை, ஆனால் மேலே ஏதோ ஒரு சக்தி இருக்கிறது" என்றார்கள். அந்தச் சக்தியை நம்பும் ஒருவர் முதல் கேள்விக்கு ஆம் என்கிறார், அவர் போலவே நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை என்கிறார். 'கடவுள்' என்ற சொல்லை இருவரும் இருவிதமாகப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். 98லிருந்து 81 என்ற நீண்ட சரிவில் எத்தனை பேர் நம்பிக்கையை விட்டார்கள், எத்தனை பேர் சொல்லை மட்டும் விட்டார்கள் என்று பழைய ஒற்றைக் கேள்வியை வைத்துப் பிரிக்க வழியே இல்லை.

நாத்திகர் என்று சொல்லிக்கொண்டே கடவுளை நம்புகிறவர்களும் இருக்கிறார்களாமே?

2007 பியூ ஆய்வில் தங்களை நாத்திகர் என்றவர்களில் 21 சதவீதம் பேர், கடவுளையோ பிரபஞ்ச ஆன்ம சக்தியையோ நம்புவதாகச் சொன்னார்கள். இதைக் காட்டி நாத்திகர்களைக் கேலி செய்து நிறைய எழுதினார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்குத் தங்களை நாத்திகர் என்றவர்களே 1.6 சதவீதம். அவ்வளவு சின்னக் கூட்டத்தில், சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்ட சிலரோ, கேள்வியைச் சரியாகக் கேட்காத சிலரோ இருந்தாலே சதவீதம் எகிறிவிடும். 'பிரபஞ்ச ஆன்ம சக்தி' என்ற தொடரும் வலையை அகலமாக விரிக்கிறது. 2014இல் நாத்திகர்கள் 3.1 சதவீதமாகக் கூடினார்கள், நம்புவதாகச் சொன்ன நாத்திகர்கள் 8 சதவீதமாகக் குறைந்தார்கள்.

அப்புறம் இன்னொரு பக்கம். 2010இல் பியூ மதங்களைப் பற்றிய 32 கேள்விகளை மக்களிடம் கொடுத்துப் பார்த்தது. சராசரி அமெரிக்கர் 16 சரியாகச் சொன்னார். முதலிடத்தில் நாத்திகரும் அறியொணாவாதிகளும், சராசரி 20.9. யூதர்கள் 20.5, அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினரான மோர்மோன்கள் 20.3. நற்கருணை என்ற வழிபாட்டுச் சடங்கில் அப்பமும் திராட்சை ரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறுகின்றன என்பது தங்கள் திருச்சபையின் போதனை என்று கத்தோலிக்கர்களிலேயே 45 சதவீதம் பேருக்குத் தெரிந்திருக்கவில்லை. மதத்துக்குள் வளர்ந்து, படித்து, யோசித்து வெளியே வந்தவர்கள் அமெரிக்க நாத்திகர்களில் அதிகம். அந்த யோசனையை நான் மதிக்கிறேன்.

மக்கள் உண்மையைத்தான் சொல்கிறார்களா?

சர்ச்சுக்குப் போவதைப் பற்றி என்றால், கூட்டித்தான் சொல்கிறார்கள். இது பல வழிகளில் நிறுவப்பட்டுவிட்டது.

மிக அழகான ஆய்வு ஒஹையோ மாநிலத்தின் அஷ்டபுலா மாவட்டத்தில் நடந்தது. கிர்க் ஹேடவே, பென்னி மார்லர், மார்க் சாவ்ஸ் என்ற மூன்று சமூகவியலாளர்கள், 1993இல் வெளியிட்டார்கள். முதலில் அந்த மாவட்ட மக்களிடம் போனில் கேட்டார்கள். புராட்டஸ்டன்ட்டுகளில் சுமார் 36 சதவீதம் பேர் போன வாரம் சர்ச்சுக்குப் போனோம் என்றார்கள். பிறகு மாவட்டத்திலுள்ள சர்ச் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். எந்தப் பட்டியலிலும் இல்லாத சின்னச் சின்னச் சபைகளைச் சாலை சாலையாகக் காரில் சுற்றிக் கண்டுபிடித்தார்கள். கணக்குக் கிடைக்காத இடங்களில், ஆராதனை நடக்கும் நேரத்தில் போய் வெளியே நிற்கும் கார்களை எண்ணினார்கள். கடைசியில் வந்த எண் 20 சதவீதம். சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவே.

இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். "போன வாரம் போனீர்களா?" என்று கேட்டால் அவர் காதில் விழுவது "நீங்கள் சர்ச்சுக்குப் போகிற ஆளா?" என்ற கேள்வி. அதற்கு அவர் மனதார ஆம் என்கிறார். போன ஞாயிறு குழந்தைக்குக் காய்ச்சல், அதற்கு முந்தைய ஞாயிறு வெளியூர் என்பதெல்லாம் அந்த நேரம் நினைவில் நிற்பதில்லை. சர்ச் பற்றியே பேசாமல், நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று மணிவாரியாக எழுதச் சொல்லும் ஆய்வுகளில் சர்ச்சுக்குப் போனவர்கள் கணிசமாகக் குறைவது இதனால்தான்.

கேட்பது மனிதக் குரலா, திரையா என்பதும் பதிலை மாற்றுகிறது. பொதுச் சமய ஆய்வு நிறுவனம் 2014இல் இதைச் சோதித்தது. போனில் ஒருவர் கேட்டபோது எப்போதாவதுதான் போவோம் அல்லது போவதே இல்லை என்றவர்கள் 30 சதவீதம். அதே கேள்வியை இணையத்தில் தனியாக நிரப்பச் சொன்னபோது 43 சதவீதம். பியூ 2007இலும் 2014இலும் போனில் கேட்டது, 2023-24இல் பெரும்பாலும் இணையத்திலும் தாள் படிவத்திலும் கேட்டது. பழைய எண்களோடு புதியவற்றை ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது.

இப்போது செல்போன் இருப்பிடத் தரவும் வந்துவிட்டது. சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் டெவின் போப் அதை வைத்துக் கணக்கிட்டபோது, வாரந்தோறும் தவறாமல் வழிபாட்டுத் தலத்துக்குப் போகிறவர்கள் சுமார் 5 சதவீதம்தான். கணிப்புகளில் அப்படிச் சொல்லிக்கொள்கிறவர்கள் 20 சதவீதத்துக்கும் மேல். ஆனால் ஆண்டில் ஒரு முறையாவது வழிபாட்டு நாளில் உள்ளே கால் வைத்தவர்கள் முக்கால்வாசிப் பேர்.

அப்படியென்றால் நாத்திகத்தையும் மறைப்பார்களே? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் வில் ஜெர்வேஸ், மேக்சின் நாஜில் இருவரும் ஒரு முறையைக் கையாண்டார்கள். இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழுவிடம் நாய் வளர்க்கிறேன், மரக்கறி மட்டுமே சாப்பிடுவேன், மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பது போன்ற சாதாரணமான சில வாக்கியங்களைக் கொடுக்கிறோம். எவை எவை உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்ல வேண்டாம், எத்தனை பொருந்தும் என்று மட்டும் சொல்லுங்கள் என்கிறோம். இன்னொரு குழுவுக்கு அதே பட்டியலோடு 'எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை' என்ற ஒரு வரி கூடுதல். '3' என்று ஒருவர் எழுதினால் எந்த மூன்று என்று யாருக்கும் தெரியாது. முதல் குழுவின் சராசரி 2.10, இரண்டாவதன் சராசரி 2.36 என்று வந்தால், அந்த 0.26 கூடுதல் வரியால் வந்தது. அப்போது 26 சதவீதம் பேர் நம்பாதவர்கள்.

அவர்கள் கண்ட விடை அதைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக இன்னொரு குழுவிடம் '2+2 என்பது 13ஐவிடக் குறைவு என்று நான் நம்பவில்லை' என்ற வரியைச் சேர்த்தபோது, சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அதை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு வந்தது. எதிர்மறை வாக்கியம் ஆளைக் குழப்பியிருக்கலாம். அதனால் 26 என்பதை நான் கல்வெட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லத் தயங்குகிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள் என்பது வரைக்கும் ஏற்கிறேன்.

பேச்சுச் சுதந்திரம் உள்ள நாட்டில் இதைச் சொல்ல ஏன் தயக்கம்?

தமிழ் வாசகர்கள் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நம் ஊரில் 'நாத்திகர்' என்ற சொல்லுக்குப் பின்னால் சுயமரியாதை இயக்கத்தின் வரலாறு இருக்கிறது, அதை மார்தட்டிச் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் அந்தச் சொல்லின் கதை வேறு. பனிப்போர்க் காலத்தில் நாத்திகம் என்றால் கம்யூனிசம், கம்யூனிசம் என்றால் எதிரி. பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் கொடி உறுதிமொழியில் 'கடவுளின் கீழ்' என்ற சொற்கள் சேர்ந்தது 1954இல். 'கடவுளை நம்புகிறோம்' என்பது தேசிய முழக்கமானது 1956இல்.

மேரிலாந்தில் ராய் டோர்காசோ என்பவர் நோட்டரி பதவிக்கு நியமிக்கப்பட்டார். கடவுள் உண்டு என்று உறுதிமொழி தர மறுத்ததால் பதவி கிடைக்கவில்லை. 1961இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனாலும் டெக்சாஸ் போன்ற சில மாநில அரசமைப்புகளில் அந்த மாதிரி வாசகங்கள், செல்லாத நிலையில், இன்னும் அப்படியே கிடக்கின்றன.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2006இல் வெளியிட்ட ஆய்வு மனதைத் தொட்டது. உங்கள் பிள்ளை நாத்திகர் ஒருவரை மணக்க விரும்பினால் ஏற்பீர்களா என்று கேட்டதில், ஏற்கமாட்டோம் என்றவர்கள் 47.6 சதவீதம். முஸ்லிம் என்றால் 33.5. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த மனநிலை இருக்கும்போது, கணிப்புக்காரரிடம் ஒருவர் எப்படித் திறந்து பேசுவார்?

நிலைமை மாறாமலும் இல்லை. தகுதியான ஒரு நாத்திகரை அதிபராக்க வாக்களிப்பீர்களா என்று 1958இல் கேலப் கேட்டபோது ஆம் என்றவர்கள் 18 சதவீதம். 2019இல் 60. ஆனால் நாடாளுமன்றத்தைப் பாருங்கள். 2007இல் கலிபோர்னியா உறுப்பினர் பீட் ஸ்டார்க் தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னது பெரிய செய்தியானது. 2017இல் இன்னொரு உறுப்பினர் ஜாரெட் ஹஃப்மன் தன்னை மனிதநேயர், அதாவது கடவுளைச் சாராமல் மனித அறத்தை நம்புகிறவர், என்று அறிவித்தார். 2025இல் பதவியேற்ற நாடாளுமன்றத்தில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். மக்கள்தொகையில் 62.

நாத்திகர்கள் பெரும்பாலும் யார்?

பியூ கணக்கில் 64 சதவீதம் ஆண்கள், 77 சதவீதம் வெள்ளையர். பத்தில் ஏழு பேர் ஐம்பது வயதுக்குக் கீழே. பத்தில் எட்டுக்கும் மேல் ஜனநாயகக் கட்சிச் சாய்வு.

1990களுக்குப் பிறகு ஏன் இந்த மாற்றம்?

சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த பொதுச் சமூக ஆய்வு 1972இலிருந்து நடக்கிறது. அதில் மதம் இல்லை என்றவர்கள் 1991இல் 7 சதவீதம், 1998இல் 14. ஏழே வருடத்தில் இரட்டிப்பு. மைக்கேல் ஹவுட், கிளாட் ஃபிஷர் என்ற சமூகவியலாளர்கள் 2002இல் தந்த விளக்கம் எனக்கு நியாயமாகப் படுகிறது. கிறிஸ்தவ வலதுசாரி அரசியல் ஓங்கியபோது, சர்ச்சோடு ஏற்கெனவே தளர்ந்த தொடர்பில் இருந்த மிதவாதிகளும் இடதுசாரிகளும் "கிறிஸ்தவர் என்றால் குடியரசுக் கட்சி என்றாகிவிட்டது, எனக்கு அந்தப் பெயரே வேண்டாம்" என்று விலகினார்கள். அவர்களில் பலர் கடவுளை விடவில்லை. மதப் பிடிப்பில்லாத வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்ததும் சேர்ந்துகொண்டது.

அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் கேட்பதில்லையா?

கேட்பதில்லை. மதத்தைக் கட்டாயமாகச் சொல்ல வைக்கக் கூடாது என்று 1976இல் சட்டமே வந்தது. கணக்கெடுப்புத் துறை 1957இல் ஒரு மாதிரிக் கணக்கெடுப்பில் விருப்பக் கேள்வியாகக் கேட்டுப் பார்த்தது, அதோடு சரி. எனவேதான் எல்லாவற்றுக்கும் தனியார் ஆய்வுகளை நம்பியிருக்கிறோம்.

அங்குள்ள இந்துக்கள், தமிழர்கள் பற்றி ஏதாவது தெரிகிறதா?

இந்துக்கள் சுமார் 0.9 சதவீதம். 36,908 பேர் ஆய்விலேயே சில நூறு பேர்தான் அகப்படுவார்கள். தமிழர்களைத் தனியாகப் பிரித்துப் பேச அது போதாது. இன்னொரு சிக்கலும் உண்டு. 'பைபிளில் வரும் கடவுளா, வேறு சக்தியா?' என்ற கேள்வியில் முருகனைக் கும்பிடுகிறவர் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பார்? 'வேறு சக்தி'யில்தான். கிறிஸ்தவப் பெரும்பான்மையை மனதில் வைத்துத் தைத்த சட்டை அது.

இளைஞர்கள் சர்ச்சுக்குத் திரும்புகிறார்கள் என்று இப்போது சொல்கிறார்களே?

சரிவு நின்றிருக்கிறது என்பது உண்மை. 2019இலிருந்து 2024 வரை கிறிஸ்தவர்கள் பங்கு 60க்கும் 64க்கும் இடையிலேயே ஊசலாடுகிறது. ஆனால் நிற்பது வேறு, திரும்புவது வேறு.

இளைஞர்களைப் பற்றிப் பரபரப்பான எண் வந்தால், ஆட்களை எப்படிப் பிடித்தார்கள் என்று பாருங்கள். நல்ல ஆய்வில் வீட்டு முகவரிகளைக் குலுக்கல் முறையில் எடுத்துக் கடிதம் போடுவார்கள். மலிவான ஆய்வில், சின்னச் சன்மானத்துக்காகத் தாங்களாக வந்து சேர்ந்தவர்கள் கிடைத்ததை எல்லாம் டிக் செய்துகொண்டே போவார்கள். இந்த இரண்டாம் வகையைப் பியூ சோதித்து 2024இல் வெளியிட்டது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஓட்ட உரிமம் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு, 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களில் 12 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். எதற்கும் ஆம் என்று அடிக்கிற கை, 'சர்ச்சுக்குப் போகிறேன்' என்பதற்கும் ஆம் என்றுதான் அடிக்கும்.

முகவரி வழியாகக் கேட்ட 2023-24 ஆய்வில் 18 முதல் 24 வயதினரில் கிறிஸ்தவர்கள் 46 சதவீதம், மதம் சாராதவர்கள் 43. தினமும் ஜெபிக்கிறவர்கள் 27. 74 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் கிறிஸ்தவர்கள் 80 சதவீதம், தினமும் ஜெபிக்கிறவர்கள் 58. அந்த முதியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போது அவர்கள் இடத்துக்கு வரப்போவது இந்த இளைஞர்கள்தான். வயது ஏறும்போது இவர்களுக்குப் பக்தி கூடினால் ஒழிய, இப்போதைய இந்தச் சமநிலை நீடிக்காது. முந்தைய தலைமுறைகளுக்கு அப்படிப் பெரிதாகக் கூடியதாகக் கணிப்புகள் காட்டவில்லை.